கச்சேரி கலைந்த பிறகு

ஒருவர் தனியாக மேடையேறுகிறார். கையில் ஒரு கிதார், பக்கத்தில் ஒரு பியானோ. தானே எழுதிய பாட்டுகளைப் பாடிவிட்டு எழுந்து போகிறார். கூட்டம் கலைகிறது. வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் வீடு திரும்பிய பின் தொலைபேசியிலும் ரசிகர்கள் பேசிக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. பெரிய இசைக்குழுவோடு நடக்கும் கச்சேரிக்குப் போய் வந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றையே சொல்வார்கள்: டிரம்ஸ் எப்படி அதிர்ந்தது, விளக்குகள் எப்படிச் சுழன்றன, கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எப்படி எழுந்து ஆடினார்கள். தனியாள் கச்சேரி கேட்டு வருகிறவர்களோ ஆளுக்கொரு கச்சேரி கேட்டதுபோலப் பேசுவார்கள். ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்டிருக்கவே மாட்டார். எல்லாருடைய பேச்சையும் சேர்த்து வைத்தால்தான் அன்று மேடையில் நடந்தது முழுதாகக் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சாட்சி, 1971 ஜனவரி 19 அன்று கனடாவின் டொராண்டோ நகரில், மாஸி ஹாலில் நீல் யங் பாடிய கச்சேரி. அந்த ஒலிப்பதிவு 2007-ல்தான் வெளிவந்தது. சில நண்பர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, நடுவில் யாரும் எழாமல், அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டோம். பிறகு நள்ளிரவு தாண்டியும் பேசினோம். அந்தப் பேச்சு என் மனத்தை விட்டுப் போகவில்லை.

நீல் யங்குக்கு அப்போது 25 வயது. டொராண்டோவில் பிறந்து, ஓமீமி என்ற சிற்றூரிலும் பிறகு வின்னிபெக்கிலும் வளர்ந்தவர். 1966-ல் பழைய சவ ஊர்தி ஒன்றை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட், கிரேசி ஹார்ஸ், கிராஸ்பி ஸ்டில்ஸ் நாஷ் அண்ட் யங் என்று ஐந்தாண்டுக்குள் மூன்று குழுக்களோடு பெயர் பெற்றுவிட்டார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு முதுகு கடுமையாகப் பழுதாகியிருந்தது. இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். கனமான எலக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்க முடியாது. உட்கார்ந்து, மெல்லிய ஒலியுள்ள அக்கூஸ்டிக் கிதாரையும் பியானோவையும் வாசிப்பதே உடம்புக்கு ஏற்றதாக இருந்தது. அந்தத் தனிப் பயணம் பிறந்த ஊருக்கும் அவரைக் கொண்டுவந்தது. அன்று ஒரே நாளில் இரண்டு காட்சிகள்.

மாஸி ஹால் சிறிய இடம் அல்ல. 1894-ல் ஹார்ட் மாஸி என்ற தொழிலதிபர், இறந்துபோன தன் மகனின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1953-ல் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சேர்ந்து வாசித்த புகழ்பெற்ற ஜாஸ் கச்சேரி நடந்ததும் இங்கேதான். அத்தனை பேர் கூடிய கூடத்தில், முன்வரிசையில் இருப்பவரிடம் மட்டும் பேசுவதுபோல ஒருவரால் பாட முடிந்தது. பதிவைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். அந்த நெருக்கத்துக்குப் பாதிக் காரணம் பாடகர். மறுபாதி, அவர் வாய் திறந்தால் அடங்கிப்போகும் கூட்டம்.

எங்கள் பேச்சுக்கு வருகிறேன். கிதார் வாசிக்கத் தெரிந்த நண்பர் முதலில் பிடித்துக்கொண்டது நீல் யங்குடைய வலது கையை. ‘கவ்கேர்ல் இன் தி சேண்ட்’, ‘டவுன் பை தி ரிவர்’ இரண்டும் 1969-ல் கிரேசி ஹார்ஸ் குழுவோடு வந்தபோது ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தை ஒட்டி ஓடியவை. இரண்டு எலக்ட்ரிக் கிதார்கள் ஒன்றையொன்று துரத்துவதே அந்தப் பாட்டுகளின் உயிர் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். மாஸி ஹாலில் அவை அதில் பாதி நேரம்கூட இல்லை. துரத்தல் இல்லை, தனி வாசிப்பு இல்லை. கட்டைவிரல் அடித் தந்தியில் தாளத்தைப் பிடிக்கிறது, மற்ற விரல்கள் மேலே சொல்லைத் தாங்குகின்றன. “இத்தனை நாள் இதற்குள் இப்படி ஒரு மெட்டு இருந்ததே எனக்குத் தெரியாது” என்றார் நண்பர். உண்மைதான். பாட்டு நல்ல பாட்டா என்பதைச் சோதிக்க இதைவிடக் கடுமையான வழி இல்லை. சாய்ந்துகொள்ள ஒரு தூணும் இல்லாமல் பாட்டு தானாக நிற்க வேண்டும்.

நண்பரின் அக்காவும் எங்களோடு கேட்டார். மேற்கத்திய இசையில் அவருக்கு அதிகப் பழக்கமில்லை. பாட்டுகளைவிட, பாட்டுகளுக்கு நடுவே நீல் யங் பேசியதுதான் தனக்கு நின்றது என்றார். “அந்தப் பையன் தயங்கித் தயங்கிப் பேசுறான் பாருங்க. ஆனா பாட ஆரம்பிச்சா தயக்கமே இல்லை” என்றார். எங்களில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. கச்சேரியின் தொடக்கத்திலேயே, புதுப் பாட்டுகள் நிறைய எழுதிக் குவித்துவிட்டேன், பாடுவதைத் தவிர அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை என்ற பொருளில் சொல்கிறார். ‘ஓல்ட் மேன்’ பாடுவதற்கு முன், தான் வாங்கிய பண்ணையோடு சேர்ந்து வந்த முதியவரைப் பற்றிச் சொல்கிறார்: நிலத்துக்கு உரிமையாளர்கள் மாறுவார்கள், பார்த்துக்கொள்கிறவர்கள் அங்கேயே இருப்பார்கள். 1970-ல் கலிபோர்னியாவில் அந்தப் பண்ணையை வாங்கியிருந்தார். பாட்டில் வரும் முதியவரை நீல் யங்கின் தந்தை என்று பலர் எண்ணுவதற்கு முன்பே, அது யார் என்பதை டொராண்டோ மக்கள் பாடகர் வாயாலேயே கேட்டுவிட்டார்கள்.

இன்னொருவர் கேட்டது கூட்டத்தை. ‘ஹெல்ப்லெஸ்’ பாட்டில் வட ஒண்டாரியோ ஊரின் நினைவு வரும் இடத்திலும், ‘ஜர்னி த்ரூ தி பாஸ்ட்’ பாட்டில் கனடாவின் பெயர் வரும் இடத்திலும் கைதட்டல் எழுகிறது. ஊரை விட்டுப் போன பிள்ளை ஊர்ப் பெயரைச் சொல்லும்போது எழும் கைதட்டல் அது. அதில் பெருமையும் இருக்கிறது, கொஞ்சம் உரிமையும் இருக்கிறது. வேறு எந்த நகரத்திலும் அந்தச் சொற்களுக்கு அப்படி ஒரு பதில் வந்திருக்க முடியாது. தனிக் கச்சேரியில் கூட்டமும் வாசிக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இருவர் கேட்டது ஒன்றாக இருந்தும் பொருள் வேறாகிப் போனதைப் பற்றியும் பேச்சு வந்தது. ‘தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்’ ஹெராயின் பழக்கத்தைப் பற்றிய பாட்டு. அதைப் பாடுவதற்கு முன், கனடாவை விட்டுத் தெற்கே போனபின் தான் கண்ட அருமையான இசைஞர்களைப் பற்றிப் பேசுகிறார். உலகம் பார்க்காமலே போன நல்ல கலைஞர்கள் பலர் உண்டு, அதற்குக் காரணம் ஹெராயின் என்கிறார். கிரேசி ஹார்ஸ் குழுவின் டானி விட்டனை அந்தப் பழக்கம் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜனவரி 1971-ல் விட்டன் உயிரோடு இருந்தார். அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஓர் எச்சரிக்கையைக் கேட்டார்கள். விட்டன் 1972 நவம்பரில் இறந்தார்; நாங்கள் கேட்பது இரங்கற்பா. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதே கச்சேரியில் சற்றுப் பின்னால் ‘டவுன் பை தி ரிவர்’ வரும்போது, 1969-ல் எதிரே நின்று வாசித்த விட்டனின் கிதார் அங்கே இல்லை என்பதும் சேர்ந்து உறைக்கிறது. இதை என் நண்பர் சொன்ன பிறகு என்னால் அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க முடியவில்லை. ஒருவர் காதால் கேட்டது இன்னொருவர் காதுக்குள் போய் உட்காருவது இப்படித்தான்.

எங்களுக்குள் உண்மையான வாதம் எழுந்தது ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ பற்றி. மாஸி ஹாலில் பியானோ முன் உட்கார்ந்து அதைப் பாடத் தொடங்குகிறார். நடுவே, அதன் தொடர்ச்சிபோல, வேறொரு மெட்டுக்குள் நழுவுகிறார். அது ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’! 1972-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்து, இன்றுவரை அந்த இடத்தைத் தொட்ட அவருடைய ஒரே பாட்டு. டொராண்டோ கூட்டத்துக்கு அது எதுவும் தெரியாது. புகழ் ஏறாத, பெயர் கேள்விப்படாத பாட்டு, இன்னொரு பாட்டின் வாலாக வந்து போகிறது. கேட்டவர்கள் தங்கள் காதை மட்டும் நம்பி அதற்குக் கைதட்டினார்கள். அந்த நிலையில் இருந்து ஒரு பாட்டைக் கேட்கும் வாய்ப்பை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. நாம் இன்று பெரும்பாலும் ஏற்கெனவே மனப்பாடமானதைச் சரிபார்க்கத்தான் கச்சேரிக்குப் போகிறோம்.

சில வாரங்களில், பிப்ரவரியில், நாஷ்வில்லில் அதே ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ கிதாரும் ஹார்மோனிகாவும் குழுவுமாகப் பதிவானது. லிண்டா ரான்ஸ்டட்டும் ஜேம்ஸ் டெய்லரும் பின்குரல் கொடுத்தார்கள். ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ லண்டன் போய், லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவின் பெரும் ஒலியோடு பதிவாகியது. இரண்டும் 1972-ன் ‘ஹார்வெஸ்ட்’ தொகுப்பில் வந்தன. லண்டன் பதிவின் விரிவுதான் அந்தப் பாட்டுக்குத் தகும், தனிமையில் இருப்பவனின் பயம் அந்தக் கம்பி வாத்தியங்களில்தான் பெரிதாகத் தெரிகிறது என்றார் எங்களில் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உதவிக்கு ஆளில்லாதவன் பாட்டை ஓர் இசைக்குழுவே தாங்கினால் அவன் தனியாக இல்லையே! பியானோவில் ஒரு சுரம் அடித்து, அது தேயும்வரை காத்திருந்து அடுத்ததை அடிக்கும் அந்த இடைவெளியில்தான் அந்த மனிதன் இருக்கிறான்.

இதே வாதத்தை 1971-லேயே ஒருவர் நடத்தியிருக்கிறார். அந்தக் கச்சேரியைப் பதிவு செய்த தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ். இதைத்தான் அடுத்த தொகுப்பாக வெளியிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நீல் யங்குக்கு ‘ஹார்வெஸ்ட்’ பதிவுகள் மேல் ஆசை. அவர் தன் வழியே போனார். ‘ஹார்வெஸ்ட்’ பெரும் வெற்றி பெற்றது. மாஸி ஹால் நாடாக்கள் 36 ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தன. பிரிக்ஸ் 1995-ல் இறந்துபோனார். பதிவு கடைசியில் வெளிவந்தபோது, இப்போது கேட்டால் பிரிக்ஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிகிறது என்று நீல் யங் எழுதினார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பிரிக்ஸ் தொழிலால் தயாரிப்பாளர். அன்று இரவு அவர் கூடத்திலிருந்த ரசிகர்களில் ஒருவர். கேட்டதும் தன் மனத்தில் பட்டதைப் பாடகரிடமே சொன்னார். அந்தச் சொல் தன் இடத்தைப் போய்ச் சேர ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.

கேட்பவரின் காதை மதித்த இன்னொரு பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அவர் 1995-ல் ‘தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்’ பாட்டுகளோடு தனியாகப் பயணம் கிளம்பியபோது விளையாட்டு அரங்குகளை விட்டுச் சிறிய நாடகக் கூடங்களைத் தேர்ந்தெடுத்தார். தன் பெயரைக் கூவிப் பழகிய ரசிகர்களிடம், அமைதியாக இருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். சிலருக்கு அது வருத்தமாக இருந்திருக்கலாம். எனக்கு அது பெரிய மரியாதையாகப் படுகிறது. அரங்கத்தில் இருக்கும் ஒவ்வொருவருடைய காதும் தனக்குத் தேவை என்று ஒரு பாடகர் சொல்வது அது.

அமைதி கச்சேரி நேரத்துக்கு உரியது. பேச்சு அதற்குப் பிறகு வர வேண்டும், வந்தே ஆக வேண்டும். ரசிகர்கள் கூடும்போது பெரும்பாலும் பாட்டுப் பட்டியலும் நுழைவுச் சீட்டு விலையும் எந்தப் பாட்டைப் பாடவில்லை என்ற குறையும்தான் பேச்சாகின்றன. அதில் எனக்கு ஆர்வமில்லை. பாடிய பாட்டுகளின் பெயரை எந்தத் தாளிலும் பார்த்துக்கொள்ளலாம். சுதி மாற்றும்போது பாடகர் என்ன முணுமுணுத்தார், எந்தச் சொல்லில் குரல் இறங்கியது, எந்த இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்தார் என்பதெல்லாம் எந்தத் தாளிலும் இராது. கைபேசியில் எடுத்த காட்சியிலும் பெரும்பாலும் இராது. கேட்டவர் சொன்னால்தான் உண்டு. அதுவும் ஓரிரு நாளில் சொல்லிவிட வேண்டும். விட்டால் எல்லாருடைய நினைவும் ஒன்றைப்போல ஒன்றாகி, ‘அருமையாக இருந்தது’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும்.

நீங்கள் இசை படித்தவராக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பாடகரின் தயக்கத்தை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது இந்த இசையில் பழக்கமே இல்லாத ஒருவர்தான். அடுத்த முறை ஒருவர் தனியாகப் பாடிக் கேட்டால், உங்கள் மனத்தில் நின்ற ஒரு சிறு இடத்தை, பெரிதா சிறிதா என்று பார்க்காமல், உடன் வந்தவரிடம் சொல்லுங்கள். அவருக்கு நின்றதையும் கேளுங்கள். அப்படி ஒரு கச்சேரி உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் ‘லைவ் அட் மாஸி ஹால் 1971’ இருக்கிறது, 17 தடங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சேர்ந்து கேளுங்கள்.