சிவப்பு லைற்றும் ஊசியும்

கன நாளாய் இந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. குசினி வேலை முடிஞ்சு வெளிக்கிட இரவு ஒரு மணியாகும். அதுக்குப் பிறகு இருந்து தட்டச்ச எங்கே சீவன்? ஆனால் இதை எழுதாமல் விட மனமில்லை. என்ரை பழைய பிக்கப்புக்கு வோல்ற்மீற்றர் பூட்டின கதை. விசயம் தெரிஞ்சவை சிரிக்காதேங்கோ.

வாகனம் 1996ஆம் ஆண்டுச் சாமான். ரெஸ்ரோரன்ற்றுக்கு மரக்கறி ஏற்றவும், ஸ்னோ காலத்தில் நாலு வீட்டு வாசல் துப்பரவாக்கி மேலதிகமாய் ஏதும் உழைக்கவும் வாங்கினது. போன பெப்ரவரியில் ஒரு இரவு, சைபருக்குக் கீழே 20 பாகை குளிர். ஸ்காபரோவில் மார்க்கம் ரோட்டுச் சந்தியில் சிவப்புக்கு நிண்டனான். பச்சை விழுந்தது, வாகனம் அசையவில்லை. முதலில் ஹீற்றர் காற்றுக் குறைஞ்சது, பிறகு முன்லைற் மஞ்சளாகி அணைஞ்சது. பக்கத்தில் கோப்பை கழுவுகிற ஐயா, அறுபத்தெட்டு வயது. அவரின் கை விறைச்சுப்போச்சு. ரோ ட்ரக் வர ஒன்றரை மணித்தியாலம்.

அதுக்கு முதல் ஒரு கராஜில் இரண்டு தரம் புதுப் பற்றறி போட்டிருந்தேன். "குளிர், பற்றறி செத்துப்போச்சு" எண்டதுதான் அவர்கள் சொன்னது. நானும் நம்பினேன். டாஷில் பற்றறிப் படம் போட்ட சிவப்பு லைற் ஒருநாளும் எரியவில்லையே.

பிரச்சினையே அந்த லைற்றிலைதான். அல்டர்னேற்றர் அரைகுறையாய் வேலை செய்யுமட்டும் அது பேசாமல் இருக்கும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எரியும். வோல்ற்மீற்றரின் ஊசி அப்படியில்லை. எஞ்சின் நிப்பாட்டி ஆறின பற்றறி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 எண்டால் கிட்டத்தட்ட அரைவாசி. எஞ்சின் ஓடேக்கை 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேணும். ஓடேக்கையே 12.4 காட்டினால், நீங்கள் உழைப்பில்லாமல் சேமிப்பைத் தின்கிறீர்கள் எண்டு அர்த்தம்.

சின்ன வட்ட மீற்றர் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பூட்டினேன். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிச்சனான், முடிக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடை என்ரை படிப்பும் பூட்டுப்பட்டது. ஆனால் அம்பியர்மானி தொடராக, வோல்ற்றுமானி சமாந்தரமாக எண்டது மறக்கவில்லை. பற்றறியின் சகவயரை முதலில் கழற்றினேன், சயவயர் எண்டு சொல்லுறதுதான் சரி, கறுப்பு. மீற்றரின் கறுப்பு வயரைப் பெயின்ற் சுரண்டின இரும்பில் இறுக்கினேன். சிவப்பு வயரை 3 அம்பியர் பியூஸ் ஒன்றோடை பியூஸ் பெட்டியில் கொழுவினேன்.

எல்லாம் சரி எண்டு கதவைப் பூட்டிப்போட்டுத் திரும்பிப் பார்த்தால், இருட்டுக்குள்ளை மீற்றர் முழிச்சுக்கொண்டிருக்குது! திறப்பு எடுத்தாலும் கரண்ட் போகிற இடத்திலை கொடுத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற சின்னப் பல்ப்பே ஒரு கிழமையில் பற்றறியைக் குடிச்சு முடிச்சிடும். அடுத்தநாள் ரெஸ்ற் லாம்பால் தேடி, திறப்புப் போட்டால் மட்டும் உயிர் வருகிற இடத்துக்கு மாற்றினேன். பல்ப்பின் வயரை டாஷ் லைற்றோடை சேர்த்தேன். பழைய வயரிங் எண்டபடியால் ஊசி உண்மையை விட 0.3 குறைச்சுக் காட்டுது. மல்ரிமீற்றரைப் பற்றறியில் நேரே வைச்சுப் பார்த்து அதைக் குறிச்சு வைச்சிருக்கிறேன்.

பிறகு ஹீற்றர், முன்லைற், வைப்பர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஊசி 13.6இல் இருந்து மெல்ல மெல்ல 12.3க்கு இறங்கினது. சிவப்பு லைற் அப்பவும் எரியவில்லை. அந்தக் கிழமையே அல்டர்னேற்றரை மாற்றினேன்.

ஊசி இறங்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பன்னிரண்டு வயது ஞாபகம் வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. ரோச் பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, இரவு ஒன்பதேகாலுக்கு அப்பா பீ.பீ.சி. தமிழோசை கேட்பார். பெடலைக் கையால் சுத்துறது நான். எங்களுக்கு மீற்றர் இல்லை. சத்தம் தேய்ஞ்சால் அப்பா கையைக் காட்டுவார், நான் வேகமாய்ச் சுத்துவேன். எவ்வளவு இறங்குது எண்டு ரேடியோவின் குரலே சொல்லிப்போடும்.

அம்மாவின் குரலில் எனக்கு அது விளங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பேன்.

"சுகமோ அம்மா?"

"எனக்கென்ன தம்பி, நல்லாயிருக்கிறன். நீ சாப்பிட்டியே?"

ஐந்து வருசம் இதே பதில். உள்ளுக்குள்ளை சீனி வியாதி சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது. 2011இல் ஒரு இரவு, அடுப்படியில் நிற்கேக்கை போன் வந்தது. சிவப்பு லைற் எரிஞ்சுவிட்டது. என்ரை கேஸ் முடியவில்லை, போக வழியில்லை. அம்மாவின் செத்தவீட்டை ஒருவர் அனுப்பின வீடியோவில்தான் பார்த்தேன்.

ஊரில் இருக்கிறவை எங்களுக்கு உண்மை சொல்ல மாட்டினம். நாங்களும் அவைக்குச் சொல்லுறதில்லை. இரண்டு பக்கமும் "சுகம், சுகம்" எண்டு சிவப்பு லைற் மட்டும் பூட்டி வைச்சிருக்கிறம். கேட்கிற கேள்வியும் பிழை. "சுகமோ?" எண்டால் "சுகம்" எண்டுதானே பதில் வரும்?

இப்ப அப்பாவிடம் அப்படிக் கேட்கிறதில்லை. "காலமை வெறும் வயித்திலை சீனி எத்தினை?" எண்டுதான் கேட்பேன். போன கிழமை 142 எண்டார். அங்கத்தைய கணக்கைப் பதினெட்டால் பிரிச்சால் கனடாக் கணக்கு. 7.9. கொஞ்சம் கூட. எழுதி வைச்சிருக்கிறேன். அதுக்கு முந்தின கிழமை 131.

"நீ என்ன டொக்டரே, ஒவ்வொரு முறையும் இலக்கம் கேட்கிறாய்?" எண்டு ஏசினார். மீற்றர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இந்த ஞாயிறு நான் கேட்கமுதலே அவர் கேட்டார்.

"உன்ரை லொறி எத்தினை காட்டுது?"

"14.1 அப்பா."

"எனக்கு 136" எண்டார்.