ஊமைக் கட்டைகளும் ஒரு வயதெல்லையும்

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடக்க மக்கள் ஏறிச் செல்லும் மிதவையை நம் பகுதியில் ‘பாதை’ என்றே அழைப்பர். 2023-ஆம் ஆண்டின் ஒரு காலையில் நாம் அப்பாதையில் ஏறியபோது, முன்பு நம்மிடம் படித்த பெண்ணொருத்தி அங்கே நின்றிருந்தாள். அவள் கையில் ஓர் உறை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பட்டதாரி மாணவருக்கென நடத்தும் பியானோப் போட்டியின் விண்ணப்பப் படிவம் அதனுள் இருந்தது. வெல்பவருக்கு ஈராண்டுகள் அங்கே தங்கிப் பயிலப் புலமைப்பரிசில் உண்டாம்.

“சேர், இதுல ஒரு கையெழுத்து வேணும். உங்கட பேரத்தான் போட்டிருக்கன்” என்றாள்.

மிதவை நடுவாவியை எட்டுமுன் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். ஆனால், அந்தக் கையொப்பத்துக்கு நமக்கு உரிமை இருந்ததா என்ற கேள்வி அன்று முழுவதும் நம்மை விடவில்லை.

காரணம் இது. பல ஆண்டுகளுக்குமுன், பியானோ பழகப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நாம் சிரித்தோம். “படுவான்கரைப் பிள்ளைக்குப் பியானோ எதற்கு? வீணையைப் படி” என்றோம். பியானோ என்றால் தோட்டத்துரைமாரின் மாளிகைகளில் பூச்சாடி வைக்கும் தளபாடம் என்பதே நம் நினைப்பு. அந்நினைப்பை முற்போக்கு என்றும் நம்பியிருந்தோம். அவள் சினங்கொள்ளவில்லை. “வயலின் மட்டும் நம்மட ஊருலயா சேர் செஞ்சது?” என்று கேட்டாள். நம்மிடம் விடையில்லை.

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனைக் கையிலெடுத்தபின் இரு நூற்றாண்டுகளாக அது நம் இசையரங்கின் பிரிக்கவொண்ணாத துணையாகிவிட்டது. மட்டக்களப்புப் பறங்கியரின் மணவீடுகளிலும் அதே கருவி வேறொரு மொழி பேசியது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளாரோ விஞ்ஞானப் பட்டதாரி, சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’யை எழுதியவர், மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணிதங்கொண்டு அளந்தவர். பிறநாட்டு அறிவென்று எதற்கும் அவர் கதவடைக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி நாம் ஒரு பிள்ளைக்குக் கதவடைத்தோம்.

இத்தவற்றை நம்மினும் கொடுமையாகச் செய்தவர்களும் உண்டு. 1958-இல் மொஸ்கோவில் முதலாவது சாய்கோவ்ஸ்கிப் போட்டி நடந்தது. பனிப்போர் உச்சத்திலிருந்த அவ்வேளையில், 23 வயது அமெரிக்க இளைஞரான வான் கிளைபர்னுக்குச் சோவியத் தலைநகரம் முதற்பரிசை அளித்தது. இரண்டாம் பரிசைச் சோவியத் கலைஞர் விளாசென்கோவுடன் பகிர்ந்துகொண்டவர் சீனத்தின் லியூ சிகுன். தம் நாட்டின் பெருமையாய்த் திரும்பிய அந்த லியூவையே, பின்னர் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அந்நியக் கலையின் அடியாரென்று சிறையில் அடைத்தார்கள். கருவிக்கு வர்க்க முத்திரை குத்தியதன் விளைவு அது. நம் சிரிப்பும் அந்த முத்திரையின் சிறியதொரு பிரதியே.

அவள் பழகிய பியானோவை நாம் பிற்பாடு சென்று பார்த்தோம். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நிற்கும் ஒரு தேவாலயத்தில், சுவரோடு சாய்ந்து நின்றது அது. பியானோவில் 88 கட்டைகள். உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட உருக்குக் கம்பிகள். அனைத்தும் சேர்ந்து பல தொன் இழுவிசையில் முறுகி நிற்பன. ஈரக்காற்றில் ஒலிப்பலகை ஊதும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி கலையும். ஆண்டுக்கு இருமுறையேனும் சுருதி கூட்டவேண்டும். அதற்குரிய கைவினைஞர் கொழும்பிலிருந்து வரவேண்டும். வந்தால் பயணச்செலவும் கூலியும் தங்குமிடமும் தரவேண்டும். ஆதலால் எவரும் வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. மூன்று கட்டைகள் ஊமை. வாசிக்கும்போது அவ்விடம் வந்தால், அந்தச் சுரத்தை அவள் தொண்டைக்குள் பாடிக்கொண்டு விரலை நகர்த்துவாள். அருகிருந்து கேட்ட நமக்கு முதலில் அது விளங்கவே இல்லை.

அந்தப் பியானோவில் ஒலிப்பதிவு செய்து போட்டிக்கு அனுப்ப இயலாது. இரவு பஸ்ஸில் கொழும்பு சென்று, ஒரு மண்டபத்தை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கெடுத்து வாசித்துவிட்டு, மறுநாள் இரவே திரும்பினாள். “எல்லாக் கட்டையும் பேசுது சேர், பயந்துபோனன்” என்றாள்.

இலங்கையர் ஒருவர் இத்துறையில் உலகரங்கை எட்டியதில்லையா என்று கேட்கலாம். எட்டியிருக்கிறார். கொழும்பில் தம் தாயிடம் பியானோ பழகத் தொடங்கிய ரொஹான் டி சில்வா, லண்டன் ரோயல் அக்கடமியில் ஆறாண்டுகள் பயின்றார். சனாதிபதி நிதியத்தின் கலைத்துறைச் சிறப்புப் புலமைப்பரிசிலை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அதன் துணையால் நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் சேர்ந்து முதுமாணிப் பட்டம் வரை கற்றார். 1990-இல் ஒன்பதாவது சாய்கோவ்ஸ்கிப் போட்டியில் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. வயலின் மேதை இட்சாக் பேர்ல்மனுக்குத் துணையாக உலகமெங்கும் வாசித்து வருபவர் அவர். பொதுப்பணம் ஒரு கலைஞரின் கையில் தக்க காலத்தில் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவ்வெற்றியில் நமக்கும் பங்குண்டு, மகிழ்ச்சியும் உண்டு.

அதே 1990-இல் இத்தீவின் இக்கரையில் நடந்ததையும் நாம் மறந்துவிடுதல் ஆகாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் அவ்வாண்டு அகதிமுகாம் ஆயிற்று. செப்டெம்பர் 5 அன்று அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவேயில்லை. விரிவுரை நடக்கவேண்டிய மண்டபங்களில் தாய்மார் தம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு கலைஞர் மொஸ்கோ மேடையை எட்டியது அவர் குற்றமன்று. ஆனால், போட்டி மேடையில் இருவர் அருகருகே நிற்கும்போது, அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதை எந்த நடுவரும் அளப்பதில்லை.

மூன்று வாரங்களின்பின் அவளுக்கு விடை வந்தது; இரண்டே வரிகள். விண்ணப்பதாரியின் வயது 27-ஐத் தாண்டியிருத்தலாகாது. அவள் 14 மாதங்கள் தாண்டியிருந்தாள். படிவத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அந்த விதி இருந்தது. கையொப்பமிட்ட நாம் அதைப் படிக்கவில்லை. அவள் படித்திருந்தாள், விளக்கக் கடிதம் ஒன்றை இணைத்து, ஏற்பார்கள் என்று நம்பியிருந்தாள்.

அந்த 14 மாதங்கள் எங்கே போயின என்று நாமிருவரும் ஒருநாள் கணக்குப் பார்த்தோம். 2007-இல் படுவான்கரையில் போர் மூண்டபோது அவள் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாவியைக் கடந்தது. தறப்பாள் கூடாரத்துப் பள்ளியில் அவ்வாண்டின் படிப்பு வீணாகி, அதே வகுப்பை மீண்டும் படித்தாள். உயர்தரப் பரீட்சை எழுதியபின் பல்கலைக்கழக அனுமதிக்காக நெடுநாள் காத்திருந்தாள். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது வளாகம் மூடப்பட்டது. பட்டம் கைக்கு வரும்போது வயது 27-ஐக் கடந்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் 14 மாதங்களுக்கு மேலாகவே வருகிறது. அவள் சோம்பியிருந்த மாதம் அதில் ஒன்றேனும் இல்லை. எந்தக் காலத்தை நாடு அவளிடமிருந்து பறித்ததோ, அந்தக் காலத்தையே விதி அவள் கணக்கில் குற்றமாக எழுதிக்கொண்டது.

‘யாழ்நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது விபுலாநந்த அடிகளாருக்கு வயது 55. அடுத்த மாதம் 19-ஆம் நாள் அவர் மறைந்தார். 27 வயதோடு கலையும் ஆராய்ச்சியும் முடிந்துவிடும் என்று கருதும் ஒரு விதியின்முன் அவர் நின்றிருந்தால், அவரையும் அது வெளியே நிறுத்தியிருக்கும். புலமைப்பரிசில் என்பது உண்மையில் பணமன்று. ஒருவருக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் காலம். காலத்தை இழந்தவர்க்கன்றோ அது முதலில் சேரவேண்டும்?

நாம் கேட்பது பெரிதன்று. போரும் இடப்பெயர்வும் தின்ற ஆண்டுகளை வயதுக் கணக்கிலிருந்து கழிக்கும் ஒரு விதியை, பரிசில் வழங்குவோர் எழுதுதல் வேண்டும். 1982-இல் கல்லடியில் அடிகளாரின் பெயரால் தொடங்கி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கமாய் விளங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற இடங்களில் பயின்று வெளிவரும் இளையோர்க்கு, எந்தக் கருவியாயினும், ஈராண்டு ஆராய்ந்து பயில நம் நாட்டிலேயே பரிசில் கிட்டுதல் வேண்டும். பட்டத்தின் முடிவில் வைக்கும் பரிசு, பள்ளியின் தொடக்கத்தில் ஒரு கருவியாகவும் வரவேண்டும்; இல்லையேல் தொடக்கம் வாய்த்தவரே முடிவையும் பெறுவர்.

விதி மாறும்வரை சும்மாயிருத்தலும் முறையன்று. அவள் இப்போது சனிக்கிழமைகளில் அந்தத் தேவாலயத்தில் பதினொரு பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். ஊமைக் கட்டைகள் நான்காகிவிட்டன. நம் பள்ளி ஆசிரியர் சிலர் சம்பள நாளில் ஆளுக்குச் சிறிது கொடுத்து, சுருதி கூட்டுபவரின் பயணச்செலவையும் கூலியையும் சேர்த்திருக்கிறோம். அன்று சிரித்ததற்காக நாம் மட்டும் இரட்டைப் பங்கு கொடுத்தோம். அடுத்த மாதம் அவர் வருகிறார்.