கெத்தாம் தீவுப் பயணம்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, நண்பர்கள் ஐவர் கிள்ளான் துறைமுகம் சேர்ந்தோம். 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய துறை அது. ரஜூலா கப்பலில் வந்த என் பாட்டி முதன்முதலாகக் கால்வைத்த மண். அவர் சொன்ன கடல்மயக்கக் கதைகளை நான் சிரித்துக்கொண்டே கேட்டதுண்டு.

விசைப்படகு மிகச் சிறியது. கிள்ளான் தீவின் கண்டற்காட்டை ஒட்டிச் செல்லுமட்டும் நீர் குளம்போலக் கிடந்தது. நண்டுத் தீவு எனப் பொருள்படும் கெத்தாமில், நீர்மேல் கால்நாட்டி நிற்கும் சீன மீனவர்தம் மரவீடுகளைக் கண்டு, சுங்கை லீமாவையும் எட்டிப் பார்த்துத் திரும்பினோம். அப்போதுதான் பின்னே, சுமத்திராத் திசையில், வானம் கறுத்தது.

படகு எழுந்தது, விழுந்தது. இயந்திரம் இருமுறை நின்று உயிர்பெற்றது. எங்களுக்கிருந்த மிதவை அங்கிகளோ நான்கு. நீந்தத் தெரியாத நண்பர் ஒருவர் வெறுமனே பலகையைப் பற்றியிருந்தார். எனக்கு நீந்தத் தெரியும். ஆயினும் நான் அங்கியைக் கழற்றவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் நெய்தல் திணையை விரித்துரைப்பவன் நான்!

கரையேறி அங்கியை அவிழ்க்க முயன்றேன். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. என் விரல்கள் நடுங்கின. அந்த நண்பரே குனிந்து அதை அவிழ்த்துவிட்டார்.