ஒரு மணி நேரம் எவ்வளவு தூரம்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் ஒரு நாள் முடிய நம் கணக்கில் 72 நிமிடம் ஆகிறது. விளையாட்டுக்குள் 'டைம்ஸ்கேல்' என்றொரு எண் இருக்கிறது. விளையாட்டை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனம் அதை 20 என்று வைத்திருக்கிறது. நமக்கு ஒரு நிமிடம் கழிந்தால் அங்கே இருபது நிமிடம் கழியும். அதே நிறுவனத்தின் மாரோவிண்டிலும் (2002) ஆப்லிவியனிலும் (2006) இந்த எண் 30. அங்கே 48 நிமிடத்தில் நாள் முடிந்துவிடும். 2011 நவம்பரில் வெளிவந்த ஸ்கைரிமில்தான் பொழுது கொஞ்சம் நிதானமாக நகரத் தொடங்கியது.

இத்தனை ஒழுங்காக ஓடும் காலம் திரையில் தெரிவதில்லை. மேலே திசைகாட்டிப் பட்டை இருக்கிறது, கீழே உயிரும் மாயசக்தியும் காட்டும் கோடுகள் இருக்கின்றன. மணி மட்டும் இல்லை. மணி பார்க்க மெனுவுக்குள் போக வேண்டும். போனதும் உலகம் அப்படியே நின்றுவிடும். எதிரி பக்கத்தில் இருந்தால் 'காத்திரு' மெனு திறக்கவும் திறக்காது. இதற்காகத்தான் 'எ மேட்டர் ஆஃப் டைம்' போன்ற கடிகார மாட்கள் இருக்கின்றன. ரசிகர்களே எழுதி இலவசமாகத் தரும் சேர்க்கைகள் இவை. எஸ்கேஎஸ்இ, ஸ்கையுஐ என்ற இரண்டு அடிப்படைச் சேர்க்கைகளும் முன்பே நிறுவப்பட்டிருந்தால் போதும். மற்றதெல்லாம் சில நிமிட வேலை.

உள்ளே நடப்பது எளிமையான கணக்கு. விளையாட்டு தொடங்கியதிலிருந்து கழிந்த நாட்களைத் தசம எண்ணாகச் சொல்லும் கட்டளை ஒன்று ஸ்கிரிப்ட் மொழியிலேயே இருக்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 24-ஆல் பெருக்கினால் மணி வந்துவிடும். 0.5 என்றால் நண்பகல், 0.75 என்றால் மாலை ஆறு. கடிகாரம் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நிறுவியதும் நான் செய்யும் முதல் வேலை அதை மறைப்பது. டைம்ஸ்கேல் 20-இல் விளையாட்டின் ஒரு நிமிடம் நமக்கு மூன்றே வினாடி. மூன்று வினாடிக்கு ஒருமுறை ஓர் எண் மாறிக்கொண்டே இருந்தால் கண் மூலைக்கே ஓடும். பைன் மரங்களுக்கு மேல் ஏறும் மூடுபனியை யார் பார்ப்பது? அதனால் ஒரு விசைக்கு மட்டும் வந்து போகும்படி வைத்துக்கொள்கிறேன். எழுத்தைச் சிறிதாக்கி, பாதி ஒளிபுகும்படி செய்து, கீழ் மூலைக்கு நகர்த்திவிடுவேன். குகைக்குள் நுழைந்தால் அந்த விசையைத் தொடுவதே இல்லை. பிளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய கல்லறைக்குள் வெயிலில் போய், மறுபுறம் ஏரிப் பக்கமாக வெளியே வரும்போது வானத்தில் என்ன இருக்கும் என்பது தெரியாமல் இருக்கவேண்டும். பச்சை ஒளி அலையும் இரவாக இருக்கலாம், சோவென்று மழையாக இருக்கலாம். அந்தச் சில வினாடிகளைக் கடிகாரத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பிறகு கடிகாரம் எதற்கு? கடை காலை எட்டுக்குத் திறந்து இரவு எட்டுக்குச் சாத்துகிறது என்று தெரிந்துகொள்ளவா? அதுவும் உதவிதான். ஆனால் நான் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. கடிகாரம் அந்த நாட்டைப் பெரிதாக்குகிறது.

ஸ்கைரிமின் நிலம் சுருக்கி வரையப்பட்டது. ஒயிட்ரன் நகரத்திலிருந்து மேற்கே ரோரிக்ஸ்டெட் கிராமத்துக்கு ஓடியே போனால் நமக்குச் சில நிமிடம்தான். ஆனால் ஓடாமல் நடந்து போய்ப் பாருங்கள். எட்டு மணிக்கு ஒயிட்ரனில் பெலதோரின் கடை திறந்ததும் அம்புகள் வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். வழியில் ஒருமுறை விசையைத் தட்டினால் பதினொன்றரை. ரோரிக்ஸ்டெட்டின் வயல்கள் தெரியும்போது வெயில் சாய்ந்திருக்கும். இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டும். அடுத்த ஊரான டிராகன் பிரிட்ஜ் வரை போகலாம், ஆனால் பாதி வழியில் இருட்டிவிடும். இங்கேயே ஃப்ராஸ்ட்ஃப்ரூட் விடுதியில் பத்து செப்டிம் நாணயம் கொடுத்து அறை எடுத்தால், விடிந்ததும் நல்ல தூக்கத்தின் பலனாகத் திறமைகள் பத்து சதவீதம் வேகமாக வளரும். அந்தப் பலன் எட்டு மணி நேரம் நிற்கும். நமக்கு 24 நிமிடம். அநேகமாகத் தங்கிவிடுவேன். இரண்டு ஊருக்கு நடுவே ஓர் இரவு வந்துவிட்டால் அவை உண்மையிலேயே இரண்டு ஊர்களாகிவிடுகின்றன. மைல்கல் இல்லாத பாதையில் மணிதான் மைல்கல்.

இதனால்தான் டைம்ஸ்கேலைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை. பொழுது பறக்கிறது, நிதானமாக ரசிக்க முடியவில்லை என்று பலர் கட்டளைகள் தட்டும் கன்சோலைத் திறந்து அதை 10 ஆக்குகிறார்கள், 5 கூட ஆக்குகிறார்கள். சூரியன் மெதுவாக நகர்வது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 5 ஆக்கிவிட்டு அதே ரோரிக்ஸ்டெட்டுக்கு நடந்தால், எட்டு மணிக்குக் கிளம்பி பத்து மணிக்குள் போய்விடுவீர்கள். ஓடினால் அரை மணிகூட ஆகாது. ஒரு மாகாணம் முழுவதும் ஒரு தாலுகாவாகச் சுருங்கிவிடும். நிலத்தைச் சுருக்கியவர்கள் காலத்தையும் சேர்த்தே சுருக்கியிருக்கிறார்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும். கொஞ்சம் மூச்சுவிட வேண்டுமென்றால் 15 வரை இறக்கலாம். அதற்குக் கீழே நான் போவதில்லை. வரைபடத்தில் ஓர் ஊரைத் தேர்ந்து நேரே அங்கே போய் நிற்கும் வேகப் பயணத்தையும் தொடுவதில்லை. அதில் மணி கழியும், ஆனால் அந்த மணியில் நாம் இருக்க மாட்டோம்.

கடிகாரத்தை மறைக்காமல் விடுவது ஒரே ஒரு வகை ஆட்டத்தில்: ரத்தக்காட்டேரியாக ஆடும்போது. காலை ஐந்திலிருந்து மாலை ஏழு வரை வெளியே நின்றால் உயிரும் மாயசக்தியும் உடல்வலுவும் தாமாக மீள்வதில்லை. ரத்தம் குடிக்காமல் நாள் கடத்தக் கடத்த வெயில் அவற்றின் உச்ச அளவையே குறைத்துவிடும். எஞ்சுவது மாலை ஏழிலிருந்து விடியல் ஐந்து வரை பத்து மணி நேரம், நமக்கு அரை மணி. அந்த அரை மணியில் கால் எட்டும் தூரம்தான் அந்தக் காட்டேரியின் நாடு. மார்தல் ஊரின் சதுப்பைத் தாண்டும்போது மணி மூன்று என்று மூலையில் தெரிந்தால், சாலிட்யூட் நகரத்துக்குப் போகும் நினைப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் குகை இருக்கிறதா என்று தேட ஆரம்பிக்கவேண்டும்.