முதல் 446 பைட்டுகள்

ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளின் அறைகளில் பழைய அரசு மடிக்கணினி இன்னமும் கண்ணில் படும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்தது அது. ஆரம்ப காலத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், டெபியனை அடித்தளமாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி.

அப்படி ஒன்றை ஒரு பையன் என்னிடம் கொண்டுவந்தான். கறுப்புத் திரை, பார்ட்டிஷன் இல்லை என்று ஓர் ஆங்கில வரி, கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’. கடையில் ஃபார்மட் அடிக்கச் சொல்லிவிட்டார்களாம். உள்ளே அவனுடைய டிப்ளமோ புராஜெக்ட் இருந்தது.

“விண்டோஸை நான் தொடவே இல்ல மாமா. லினக்ஸ் இருந்த டிரைவை மட்டும்தான் அழிச்சேன்.”

அழிந்தது லினக்ஸ் என்றால் விண்டோஸ் ஏன் எழவில்லை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை ஓடவிட்டு, வட்டின் முதல் செக்டரை மட்டும் பிரித்துப் படித்தேன். மொத்தம் 512 பைட்டுகள். எண்களுக்கு நடுவே ‘கிரப்’, ‘ஹார்ட் டிஸ்க்’, ‘எரர்’ என்ற சொற்கள் தெரிந்தன. விண்டோஸ் எழுதியிருந்தால் அங்கே ‘மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்’ போன்ற வரிகள் இருந்திருக்கும். கணினியை எழுப்பும் வேலை லினக்ஸோடு வந்த கிரப்பின் கையில் இருந்திருக்கிறது. 1995-ல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய நிரல் அது. முதல் செக்டரில் அதற்குக் கிடைப்பது 446 பைட்டுகள்தான். அதனால் இன்னொரு துண்டை அடுத்த செக்டர்களில் வைத்துவிட்டு, மெனு உட்பட மீதி எல்லாவற்றையும் லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே வைத்துக்கொள்கிறது. பையன் அழித்தது அந்தப் பார்ட்டிஷனைத்தான்.

ஏன் 446? இதைத் தேடிப் போனபோது 1983 மார்ச்சில் போய் நின்றேன். ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி கணினியை 10 மெகாபைட் வட்டோடும் பிசி டாஸ் 2.0-வோடும் வெளியிட்ட மாதம். முதல் செக்டரில் 64 பைட்டுகளைப் பார்ட்டிஷன் அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகளை அடையாளக் குறிக்கும் ஒதுக்கினார்கள், மிச்சம் 446. அட்டவணையில் 16 பைட் வீதம் நான்கு வரிகள். நான்கு எதற்கு என்று பார்த்தால், ஒரே வட்டில் வெவ்வேறு ஓஎஸ்கள் குடியிருக்கட்டும் என்றுதான்! பல ஓஎஸ்களுக்கு அன்றைக்கே இடம் யோசித்தவர்கள் வாசலை மட்டும் ஒன்றாக வைத்துவிட்டார்கள். கடைசியாக எழுதியவருக்கே வாசல். விண்டோஸை மறுபடி நிறுவினால் லினக்ஸ் காணாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

காரணம் பிடிபட்டதும் வேலை சுலபமாகிவிட்டது. விண்டோஸ் 7 ரிப்பேர் டிஸ்க்கில் ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று கொடுத்தால், அது அந்த நிரலை மட்டும் மாற்றும், அட்டவணையைத் தொடாது. அதற்குப் பிறகும் எழாவிட்டால், விண்டோஸ் பார்ட்டிஷன் ‘ஆக்டிவ்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரப் அந்தக் குறியைச் சட்டை செய்வதில்லை, விண்டோஸின் நிரல் அதைத்தான் தேடும். விண்டோஸ் எழுந்தது, புராஜெக்ட் அப்படியே இருந்தது. ஃபார்மட் அடித்திருந்தால் போயிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் பதறுகிறது.

புதிய கணினிகளில் யூஈஎஃப்ஐ என்ற வேறொரு பூட் முறை வந்து, ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனிக் கோப்புறை கிடைத்துவிட்டது. சண்டை மட்டும் ஓயவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய பூட் லோடர்களைத் தடுக்கப்போய், இரண்டு ஓஎஸ் வைத்திருந்த பலருடைய லினக்ஸையும் எழவிடாமல் செய்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது.

பூட் ஆகவில்லை என்று யார் கொண்டுவந்தாலும், பழைய முறையான லெகசியா, யூஈஎஃப்ஐயா என்பதை பயாஸில் முதலில் பார்க்கிறேன். லெகசி என்றால் அந்த 512 பைட்டுகளையும் பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.