நாங்கள் வண்ணமடித்த வீடுகள்

சென்னையில் எந்தப் பகுதி வீட்டுச் சுவர் எப்படி இருக்கும் என்று எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எங்கள் பிளாக்கில் மாடிக்கு ஒருவராவது பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். எங்கள் அப்பாக்களும் சித்தப்பாக்களும் அந்தக் கூலியில்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். விடுமுறையில் நாங்களும் அவர்களோடு போய் உப்புத்தாள் தேய்த்திருக்கிறோம். இன்று சமூகப் பணியாளர்களாக அதே தொழிலாளர்களிடம் நலவாரியப் படிவத்தோடு போகிறோம். சமூகவியல் முதுகலை வகுப்பில் இடமும் சாதியும் பற்றி எங்களுக்குப் பாடம் நடந்தது. அந்தப் பாடம் எங்களுக்குப் புதிதாக இல்லை. பட்டிக் கரண்டி பிடித்த வயதிலேயே படித்ததுதான்.

முதலில் அடையாறு, அண்ணா நகர் பக்கத்துத் தனி வீடு. அங்கே வேலை ஷேடு கார்டிலிருந்து தொடங்கும். சுவரில் மூன்று நிறத்தைச் சின்னச் சின்னதாக அடித்துக் காட்ட வேண்டும். காலை வெயிலில் ஒருமுறை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பிறகு பழைய பெயிண்டைச் சுரண்டி, பிரைமர் அடித்து, ரெண்டு கை பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்து, அதன்மேல் எமல்ஷன் ரெண்டு கோட்டு. ஹாலில் டிவி மாட்டும் சுவருக்கு மட்டும் தனி டெக்ஸ்சர். எல்லாம் சரியாக அமைந்தால் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அந்த வழவழப்புக்கு விலை கொடுப்பது நுரையீரல். பட்டி தேய்க்கும்போது அறையே வெள்ளைப் புகையாகிவிடும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் பெரும்பாலானோர் வேலை செய்கிறார்கள். அந்த நுண்ணிய தூசியைத் துண்டு தடுக்காது. பழைய வீட்டுக் கதவு, கிரில் என்றால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு பெயிண்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016ல் மத்திய அரசு விதி போட்டது. 2017 நவம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பழைய கதவுகளில் அடுக்கடுக்காக இன்னும் இருக்கிறது. அதைச் சுரண்டுகிறவரின் மூச்சுக்குள் போகிறது ஈயம். அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தூக்கும்போது குழந்தைக்கும் போகிறது.

அடுத்தது பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடி. உள்வேலைக்குச் சதுர அடிக் கணக்கு. மேஸ்திரிக்கு மேல் சப் கான்ட்ராக்டர், அவருக்கு மேல் கான்ட்ராக்டர். கடைசிக் கைக்கு வரும்போது கூலி தேய்ந்துவிடும். வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கும் பலகை. பத்தாவது மாடியில் அந்தரத்தில் உட்கார்ந்து அடிக்கலாம், ஆனால் கீழே வந்ததும் குடியிருப்பவர்களின் லிஃப்டில் ஏறக் கூடாது. சாப்பாடு வண்டி நிறுத்துமிடத்தில். கழிப்பறை எங்கே என்று கேட்டால் காவலாளி கேட்டுக்கு வெளியே கை காட்டுவார். ‘ஹைஜீன்’ என்று காரணம் சொல்வார்கள். எங்கள் தாத்தாக்களுக்கு இதே விஷயத்தை வேறு சொல்லில் சொன்னார்கள்.

மூன்றாவது, திருவல்லிக்கேணி, சைதாப்பேட்டை சந்துகளின் வாடகை வீடு. பழைய ஆள் காலி செய்து புது ஆள் வருவதற்குள் ரெண்டே நாளில் முடிக்க வேண்டும். பட்டி கிடையாது. ஆணி ஓட்டையை அடைத்து, மலிவான டிஸ்டெம்பர் ஒரு கோட்டு, அவ்வளவுதான். ஆனால் காலி செய்கிறவரின் அட்வான்ஸில் ‘பெயிண்டிங் காசு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கமாகிவிட்டது. அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பட்டியல், சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதையும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கடைசியாக எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நிற்க மட்டும் இடமுள்ள சமையலறை. மேல்மாடிக் குழாய் கசிந்து சுவரில் ஓதம் ஏறியிருக்கும். ‘ஓதச் சுவர்ல எந்த கம்பெனி பெயிண்ட் அடிச்சாலும் ஆறு மாசம்தான்டா. மொதல்ல கசிவ நிறுத்தணும்’ என்பார் சித்தப்பா. ஊருக்கெல்லாம் தெரிந்த வேலையைத் தன் வீட்டில் முழுதாகச் செய்ய அவருக்கு வழியில்லை. கசிவு அடுத்த வீட்டுக் குழாயில், பைப் பொதுவானது, மனு எங்கேயோ கிடக்கிறது. ஆனாலும் பொங்கலுக்கு முன் வேலைகளில் மீந்த டப்பாக்களைச் சேர்த்து வைத்து அடித்துவிடுவார். ஒரு சுவர் பச்சை, ஒரு சுவர் ரோஸ். அண்ணல் அம்பேத்கர் படம் மாட்டிய சுவர் மட்டும் மீந்த டப்பாவில் கிடையாது. அதற்குக் காசு கொடுத்து நீலம் வாங்குவார்.

இந்த நிறங்களுக்கு வெளியே ஒரு பெயர் உண்டு. அழுத்தமான நிறத்தைத் தள்ளிவைக்க ‘ஹவுசிங் போர்டு கலர் மாதிரி இருக்கு’ என்று சொல்வதை வேலைக்குப் போன இடங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ரசனை என்பது பிறவிக் குணம் அல்ல, வர்க்கம் தன்னை உயர்த்திக் காட்டப் பிடித்திருக்கும் வேலி என்று விளக்கியவர் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ. நம் ஊரில் அந்த வேலிக்குச் சாதியும் கம்பி கட்டுகிறது. பெரிய ஜன்னலும் வெயிலும் உள்ள வீட்டுக்கு ஆஃப் ஒயிட் அழகுதான். பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டிய வீட்டுக்குப் பளிச்சென்ற மஞ்சள் தேவை. இதில் ரசனைக் குறைவு எங்கே வந்தது?

எங்கள் பிளாக்கில் ஒரு தம்பி பொறியியல் படித்தவன். கல்லூரிக் கட்டணத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பெயிண்டிங் போனவன். வேலை கிடைத்ததும், அவன் ஒருகாலத்தில் அடித்த அடுக்குமாடி ஒன்றில் வாடகைக்கு வீடு பார்த்தான். சம்பளம் கேட்டார்கள், சொன்னான். சொந்த ஊர் கேட்டார்கள், சொன்னான். ‘அப்பா எங்க இருக்காரு?’ என்று கேட்டார்கள். குடியிருப்பின் பெயரைச் சொன்னதும், வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அடுத்த வாரமும் அதே விளம்பரம் இருந்தது. ‘அந்த பெட்ரூம் சீலிங் நான் அடிச்சதுண்ணே’ என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? அவன் கை அந்த வீட்டின் எல்லாச் சுவரையும் தொட்டிருக்கிறது. அவன் குடியேறினால் மட்டும் வீடு கெட்டுவிடுமா?

2020ல் கண்ணகி நகர் அடுக்குமாடிகளின் வெளிச்சுவர்களில் கலைஞர்கள் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் தீட்டினார்கள். படம் எடுக்க வெளியாட்கள் வந்தார்கள், பிள்ளைகளுக்கும் பெருமைதான். அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வெளிச்சுவரின் நிறம் மாறுவதால் மட்டும், வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதும் முகவரி கனம் குறைந்துவிடாது. அந்த முகவரியைப் படிக்கிறவரின் மனதில் ஏறியிருக்கும் ஓதத்துக்கும் சித்தப்பா சொன்னதுதான் பொருந்தும்: மேலே பூசினால் போதாது, கசிவை நிறுத்த வேண்டும்.

இளம் தோழர்கள் உடனே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியம் 1994லிருந்து இயங்குகிறது. பெயிண்டரும் கட்டுமானத் தொழிலாளிதான். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். விபத்து, இறப்பு, பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் சாட்சி. பல பேர் பதிவைப் புதுப்பிக்காமலே விட்டிருக்கிறார்கள். உங்கள் தெருவில் எத்தனை பெயிண்டர்கள், எத்தனை பேரிடம் நடப்பிலுள்ள அட்டை என்று ஒரு ஞாயிறு கணக்கெடுங்கள். ஆன்லைன் விண்ணப்பத்தை உங்கள் போனிலேயே போட்டுக் கொடுங்கள். தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் இடுப்புக் கயிறும் கொடுக்காத மேஸ்திரியிடம் தனி ஆளாகக் கேட்டால் வேலை போகும். பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். சாதி கேட்டு வீடு மறுத்தால், யார், எப்போது, என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். எழுதி வைக்காத மறுப்பு, நடக்காத மறுப்பாகிவிடுகிறது.

இந்த நகரத்தின் சுவர்களில் பாதிக்கு எங்கள் கைரேகை உண்டு, இரண்டாவது கோட்டுக்கு அடியில். அந்தக் கைகளுக்கு அதே சுவருக்குள் சாவி கேட்கவும் உரிமை உண்டு.