ஒரே ரகம், வேற வேர்

என் தம்பி லாரி டிரைவர். திருப்பூரிலிருந்து பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு டெல்லி போவான். சீசனில் சிம்லா பக்கம் ஆப்பிள் லோடு கிடைக்கும். போன தடவை வந்தவன், "அக்கா, ரெண்டும் ஒரே ரகந்தானாம். பெரிய மரத்துல உள்பக்கத்துப் பழமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. கம்பியில கட்டின குட்டை மரத்துல அத்தனையும் சிவப்பு" என்றான்.

வித்தியாசம் வேரில்தான். ஆப்பிளும் நம்மூர் ஒட்டு மா மாதிரி; மேலே ஒரு ரகம், கீழே வேறொன்றின் வேர். அங்கே பழைய தோட்டங்களில் விதையில் முளைத்த வேர். மரம் ஓங்கிவிடும், உள்ளே நிழல். புதுத் தோட்டங்களில் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங்கில் நூறு வருஷத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்த எம்9 போன்ற குட்டை வேர். உள்கிளை வரைக்கும் வெயில் விழும். சிவப்பு நிறமும் இனிப்பும் தோலில் உள்ள சத்தும் வெயிலில்தான் கூடும். வேருக்கு வேர் கால்சியம் எடுப்பதும் மாறும். அது குறைந்த பழம் சீக்கிரம் மாவாகிவிடும்.

அதற்காக ஆப்பிள் கொய்யா ஆகிவிடாது! 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி சுமார் 5 மில்லிகிராம். கொய்யாவில் 200 தாண்டும்.

என் மகள் ஆறு மாசம். ஹீமோகுளோபின் 9. சம்பந்தியம்மா பாசமாக ஆப்பிளைத் தோல் சீவித் தருகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? மகளிடம் மட்டும், "நல்லாக் கழுவித் தோலோட தின்னு கண்ணு. ரத்தத்துக்கு டாக்டர் குடுத்த மாத்திரையை விட்றாத" என்றேன். இந்தச் சனிக்கிழமை சம்பளத்தில் ஆப்பிள் அரைக் கிலோ, கொய்யா ஒரு கிலோ, மூலனூர் முருங்கைக்கீரை ரெண்டு கட்டு.